பருப்புக்காரருக்குக் கஞ்சி

ஊருக்கே பருப்பு விற்றவர் என் வீட்டுக்காரர் காசிராஜன். அருப்புக்கோட்டையில் எங்கள் கடைக்குப் பின்கட்டுதான் வீடு. கட்டிலில் படுத்தபடி பார்த்தால் துவரம்பருப்பு மூட்டைகள் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு சித்திரையில் பக்கவாதம் வந்து அவருக்கு வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. அன்றே அவருக்குப் பருப்பைத் தடை செய்த மகாராணி என் நாத்தனார் சுந்தராம்பாள்.

"வாதம்னா என்ன? வாயு. பருப்பும் வாயு, முட்டையும் வாயு. கஞ்சியும் ரசமும் போதும், கோகிலா."

அடேயப்பா, என்ன ஞானம்! பார்க்க வந்த சனமெல்லாம் தலையாட்டியது. நானும்தான் ஆட்டினேன், வெட்கங்கெட்டவள்.

மூன்று மாதம் வெறும் கஞ்சி. மனுஷன் எழுந்து நடக்க வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. அவரோ உட்கார வைத்தாலே சரிந்தார். பாதம் வீங்கியது. "பாரு, உடம்பு தேறுது" என்றாள் நாத்தனார். வீக்கத்தைச் சதை என்று கண்டுபிடித்த மேதாவி!

தினமும் அவர் இடது கையை நீட்டிப் பருப்பு மூட்டையைக் காட்டுவார். "இந்த நெலமையிலயும் என் தம்பிக்கு யாவார நெனப்பப் பாரேன்" என்று பூரிப்பாள். "லோடு வந்துருச்சுய்யா, கவலப்படாத" என்பாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

வீக்கம் முழங்கால் வரை ஏறியதும் பயந்துபோய் மதுரைக்குக் கொண்டுபோனேன். டாக்டர் ரத்தம் எடுத்துச் சோதித்தார்.

"ரத்தத்துல புரதச் சத்து இருக்க வேண்டியதுல பாதிதான் இருக்கு. என்னம்மா குடுக்குறீங்க?"

"கஞ்சி."

"இவர் என்ன தொழில்?"

"பருப்பு யாவாரம்."

டாக்டர் பார்த்த பார்வையில் நான் கூனிக் குறுகிப்போனேன். "கை கால் முழுசா வரும்னு சொல்ல மாட்டேன். பட்டினி போட்டா நிச்சயமா வராது. பருப்பும் முட்டையும் குடுங்க."

வந்ததும் பருப்பைக் குழைய வேகவைத்து, நெய் விட்டுப் பிசைந்து ஊட்டினேன். "என் தம்பியக் கொல்லுறாளே!" என்று நாத்தனார் தெருவைக் கூட்டினாள்.

"மதினி, இம்புட்டு நாளா கொன்னது நாம ரெண்டு பேரும்தான்" என்றேன். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அதுதான் நான் பேசிய முதல் எதிர்ப்பேச்சு.

பொங்கலுக்குள் கம்பூன்றி நின்றார். வந்திருந்த சொந்தபந்தம் முன்னால் நாத்தனார் அளந்துவிட்டாள்: "எல்லாம் நான் வச்ச பத்தியம்!"

அவருடைய வாய் கோணியது. ஒன்பது மாதம் ஊமையாகக் கிடந்த மனுஷன் என்னவோ சொல்ல வருகிறார் என்று எல்லோரும் பேச்சை நிறுத்தினோம்.

"ப... பசிச்சுச்சு, அக்கா" என்றார்.

இடது கை அதே மூட்டையைக் காட்டியது.