கறையில்லாத வீடு

"உன் தம்பி வர்ற வாரம் ஒரு துணியத் துவைக்காதேடி. விரிப்பு நாறட்டும், மெத்தை நாறட்டும். அவன் மூக்கைப் பொத்திக்கிட்டு உள்ள வரணும். அப்பத்தான் உன் பாடு அவனுக்குத் தெரியும்" என்று பக்கத்து வீட்டுக் கதீசும்மா வேலியோரம் நின்று படித்துப் படித்துச் சொன்னாள்.

வத்சலாவும் சரி சரி என்று தலையை ஆட்டினாள். ஆட்டியவள்தான் புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் துவைகல்லில் நின்றாள். பிறந்த புத்தி போகுமா? பட்டாம்பியில் எந்த நாயர் வீட்டில் விருந்தாளிக்கு மூத்திர விரிப்பைக் காட்டுவார்கள்? தம்பி மட்டும் வந்தாலும் பரவாயில்லை, தம்பி பெண்டாட்டி நிர்மலாவும் வருகிறாள். வடக்கஞ்சேரிக்காரி. போய்ப் பத்து வீட்டில் சொல்லுவாள்.

அவளைப் பெற்ற அச்சன் அச்சுதக்குறுப்பு வாதம் வந்து விழுந்து ஆறு வருஷம். காலை மாலை இரண்டு வேளையும் தைலம் தேய்க்க வேண்டும். அந்தத் தைலக்கறை விரிப்பில் வாழைக்கறை மாதிரி பிடித்துக்கொள்ளும். தண்ணீர் படுவதற்கு முன் பயத்தமாவைத் தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டு, அப்புறம்தான் சோப்பு. மெத்தைக்கு வினிகரும் ஆப்பசோடாவும். சுவரில் அவர் துப்பிவைக்கிற வெற்றிலைச் சாற்றுக்கு எலுமிச்சையும் உப்பும். இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நாற்றம்தான் சொல்லிக்கொடுத்தது.

அவளுடைய கறையும் இருந்தது. இரண்டு வருஷமாக மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. அதற்குப் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் ரத்தம் துணியோடு ஒட்டிவிடும். கர்ப்பப்பையை எடுத்தே தீரவேண்டும், இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று பெரிந்தல்மண்ணை டாக்டர் திட்டிவிட்டு, வெள்ளிக்கிழமைக்குக் கட்டில் ஒதுக்கியிருந்தாள். அப்புறம் ஆறு வாரம் ஒரு குடம்கூடத் தூக்கக்கூடாது. அந்த ஆறு வாரம் மட்டும் தம்பி ஹரிதாசன் அச்சனைப் பெங்களூருவுக்குக் கூட்டிப்போக வேண்டும். வியாழக்கிழமை அவன் வந்ததும் கேட்டுவிடுவது என்று இருந்தாள்.

வந்தான். வாசலிலேயே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தான். "அட! ஆறு வருஷமா ஒருத்தர் படுத்துக் கிடக்கிற வீடா இது? ஒரு வாடை இல்லையே!"

கஞ்சி போட்ட வெள்ளை முண்டில் அச்சன் மாப்பிள்ளை மாதிரிச் சாய்ந்திருந்தார். நிர்மலா விரிப்பைத் தடவிப் பார்த்தாள். "எங்க வீட்டு விரிப்புகூட இவ்வளவு வெளுப்பா இல்லை சேச்சி."

வத்சலாவுக்கு, வெட்கக்கேடு, உச்சி குளிர்ந்துவிட்டது! சாப்பாடெல்லாம் ஆன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஹரி, நாளைக்கு எனக்கு வயித்துல ஆபரேஷன். ஆறு வாரம் அச்சனை நீ வச்சுக்கணும்."

"ஆபரேஷனா? பார்க்க நல்லாத்தானே இருக்கே."

"பார்க்க நல்லாத்தான் இருக்கேன்."

"எங்க ஃப்ளாட் மூணாவது மாடி சேச்சி. இவருக்கு அங்க ஒத்துக்குமா? ஒரு நர்ஸை வச்சுக்கயேன்."

"ரெண்டு பேர் வந்தாங்க. ரெண்டு பேரையும் அச்சன் கடிச்சு வச்சுட்டார்."

ஹரிதாசன் சிரித்தான். "பாத்தியா! உன் கைதான் அவருக்கு வேணும். அதுவுமில்லாம வீடு பொண்ணுக்குன்னுதானே நம்ம வழக்கம்? நான் வாய் தொறந்தேனா? வீட்டோட சேர்ந்தவர்தானே அச்சனும். ஆபரேஷனை ஓணத்துக்கு அப்புறம் வச்சுக்கோ. இப்ப என்ன அவசரம்?"

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். துவைக்காத ஒரே ஒரு விரிப்பு இருந்தால் எடுத்து அவன் முகத்தில் வீசியிருப்பாள். வீட்டில் தேடினாலும் கிடைக்காது.

கிளம்பும்போது அச்சனிடம் சொல்லிக்கொள்ளக் குனிந்தான். தைலக் கையால் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். பிரித்தெடுத்துப் பார்த்தால் நெஞ்சில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"ஐயோ, நாளைக்குக் குருவாயூர் கல்யாணத்துக்கு இதான் சட்டை! சேச்சி, இது போகுமா?"

போகாது என்று சொல்ல நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதற்குள் கை போய்ப் பயத்தமாவை அள்ளிவிட்டதே, அதை என்ன செய்ய! இடுப்புக்குக் கீழே ஈரம் இறங்குவது தெரிந்தும் குனிந்து தேய்த்தாள். அலசினாள், இஸ்திரி போட்டு உலர்த்தினாள். ஒரு மணி நேரத்தில் சட்டை கடையில் வாங்கியது மாதிரி இருந்தது.

ஹரிதாசன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "எங்கயாச்சும் தெரியுதா பாரு நிர்மலா! இந்தக் கைய விட்டுட்டு அச்சனை நான் எங்க கொண்டுபோறது?"

கார் தெருமுனை திரும்பியது. அவளுக்குத் தம்பி மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை. தன் கை மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது. வெட்டிப் போடலாம் போல இருந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வந்துடணும். வெறும் வயித்தோட வாங்க."

"நான் வரலைம்மா. அச்சன் படுக்கையில கிடக்கார். கட்டிலை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"என்ன சேச்சி, டாக்டர் அவ்வளவு சொல்லியும்! அச்சனைப் பாத்துக்க வீட்டுல வேற ஆள் இல்லையா?"

"ஆளுக்கென்ன," என்றாள் வத்சலா. "நான் இருக்கேனே."