கொலுவில் வைத்த பச்சோந்தி

நரேஷுக்கு நாய் வளர்க்கத்தான் ஆசை. ஆனால் மியூனிக் குளிரில் நாயை நடக்கக் கூட்டிப்போக வேண்டும். பச்சோந்தியை யாரும் அப்படிக் கூட்டிப்போவதில்லை. ஒன்றை வாங்கி வந்து, ‘மந்திரி’ என்று பெயர் வைத்து, ஆபீஸ் முழுக்க போட்டோ காட்டியதோடு அவன் கடமை முடிந்தது. இலைமேல் தண்ணீர் தெளிப்பது, வெட்டுக்கிளி போடுவது, விளக்கின் சூடு பார்ப்பது எல்லாம் மனைவி சாருலதாவின் தலையில் விழுந்தன.

பழகப் பழக அவளுக்கு அதன் போக்கு பிடிபட்டது. தூர நின்று பார்க்கலாம், தொட்டால் ஆகாது. கிண்ணத்துத் தண்ணீரைச் சீந்தாது. இலையில் வழிகிற சொட்டைத்தான் நக்கும். நிம்மதியாக இருந்தால் வெறும் பச்சை. பகட்டாக நிறம் ஏறினால் பயம் அல்லது கோபம்.

இந்த நவராத்திரிக்கு நரேஷ் தினமும் காலையில் அதைத் தூக்கிக் கொலுவில் வைத்தான். படிகளுக்குக் கீழே பார்க். நடுவே முகம் பார்க்கும் கண்ணாடியில் தெப்பக்குளம். கரையில் ஒரு கிளை, கிளையில் மந்திரி. அது எட்டிப் பார்த்தபோது குளத்தில் இன்னொரு ஆண் பச்சோந்தி தெரிந்தது. உடனே மந்திரி உடம்பைத் தட்டையாக்கி, மஞ்சளும் நீலமும் கொப்பளிக்க, வாயைப் பிளந்து நின்றது. வந்தவர்கள் கைதட்டினார்கள்.

“கண்ணாடியையாவது எடுங்க. எதிரின்னு நினைச்சு மிரளுது. அதைச் சும்மா விடுங்களேன்.”

“குளம் இல்லாம ஒரு பார்க்கா? சங்கத்து ப்ரெசிடென்ட் சனிக்கிழமை வரார், சாரு. அதுவரைக்கும் பொறுத்துக்கோ.”

பொறுத்துக்கொள்ள வேண்டியது அவளல்ல. மந்திரி சாப்பாட்டை நிறுத்திவிட்டது. ராத்திரி கூண்டில் விட்டுத் தண்ணீர் தெளித்தாலும் நக்கவில்லை. கண்கள் உள்ளே போயிருந்தன. டாக்டரிடம் போகலாம் என்றாள். கொலு முடியட்டும் என்றான்.

சனிக்கிழமை பிற்பகல் தமிழ்ச் சங்கத் தலைவர் சந்திரசேகரன் பட்டு வேட்டியும் அதன்மேல் குளிர்கோட்டுமாக வந்தார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால்கூட வரவேற்புரை மாதிரி இருக்கும். மந்திரி கரும்பழுப்பாகி, கண்ணை மூடிக் கிளையில் ஒடுங்கியிருந்தது.

“பாருங்க, தியானம்!” என்றார். “வந்த மண்ணோட நிறத்தை எடுத்துக்கிட்டு எவ்வளவு அடக்கமா உட்கார்ந்திருக்கு! இதுக்குப் பேர்தான் இன்டக்ரேஷன்.”

“மண்ணைப் பார்த்தெல்லாம் அது நிறம் மாறாது, அங்கிள். அதுக்கு உடம்பு முடியல. பகல்ல கண்ணை மூடினா ஆபத்து.”

“அட, மேடம் டாக்டரா?”

“கூகுள் டாக்டர், சார்” என்று நரேஷ் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

சாருலதா கிளையோடு மந்திரியைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். வாயோரம் ஒரு சொட்டு விட்டாள். வழிந்து போனது. விரலை நீட்டினால் இடுக்கி போலப் பற்றுகிற கால்கள், இப்போது வழுக்கின.

நரேஷ் தலையை நீட்டினான். “செல்ஃபிக்கு நிக்கறாரு. கொண்டா.”

“செத்துப்போச்சு.”

அவன் அவசரமாகக் கதவைச் சாத்தினான். “கொலு வச்ச வீட்ல இதை வெளியே சொல்லிடாதே. ஒருத்தரும் சுண்டல் தொடமாட்டாங்க.”

வெளியே போய், “தூங்குது சார்” என்றான்.

“தூங்குதா? உஷ்! யாரும் பேசாதீங்க, பாவம்” என்றார் சந்திரசேகரன். கூடம் அடங்கிப்போனது. சாருலதா மந்திரியைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி தட்டில் படாமல் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள்.