கோடி வேட்டிக்குள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் போகும் பஸ்ஸில் பதினொரு வருஷம் கண்டக்டராக இருந்தேன். அந்தப் பக்கத்தில் நான் திட்டாத ஆள் கிடையாது. படிக்கட்டில் தொங்குகிறவனைத் திட்டுவேன், கோழிக்கூடையை நடைவழியில் வைக்கிறவளைத் திட்டுவேன், ஆள் கிடைக்காவிட்டால் மழையைத் திட்டுவேன். அப்பாவு வாயைத் திறந்தால் பஸ்ஸுக்கு எண்ணெயே வேண்டாம் என்று டிரைவர் சன்னாசி அண்ணே கிண்டல் பண்ணுவார். அந்த வாயால் ஒரு நாள் ஒரு பச்சைப் பிள்ளையைக் கொன்றிருப்பேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எழுபத்தெட்டாம் வருஷம், தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். நான்கு நாளாக மழை விடவில்லை. காலை முதல் பஸ். பதினாறாவது மைலில், ரப்பர் பால் வெட்டும் கித்தாத் தோட்டத்து மண்சாலை வந்து பெரிய ரோட்டில் சேரும் இடத்தில், ஒருவன் ரோட்டுக்கு நடுவில் நின்று கையைக் காட்டினான். உரச் சாக்கின் பிளாஸ்டிக்கைக் கிழித்துத் தலையோடு போர்த்தியிருந்தான். முழங்கால் வரை சேறு. கெண்டைக்காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது.

சன்னாசி அண்ணே பிரேக் போட்டார். அவன் படியில் ஒரு காலை வைத்து, பிளாஸ்டிக்கைப் பின்னால் தள்ளினான். உடம்பில் சட்டை இல்லை. நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வெள்ளை வேட்டி கட்டியிருந்தது. புது வேட்டி, முனையில் மஞ்சள் தடவியிருந்தது. இடது தோளில் ஏறி, முதுகைச் சுற்றி, வலது இடுப்பில் முடிச்சு. உள்ளே சின்னதாக ஒரு மூட்டை.

எனக்கு அந்தக் கட்டு தெரியும். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் பால்குடி மறக்காத பிள்ளை செத்தால் பாடை கட்டுவதில்லை. கோடித் துணியில் ஏணை மாதிரி கட்டி, தகப்பன் நெஞ்சோடு சேர்த்துச் சுமந்துகொண்டு போவான். கூட ஒரு பொம்பளையும் போகமாட்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் நானே அப்படிப் போயிருக்கிறேன். என் மகளுக்கு அப்போது நாற்பது நாள்.

அதனால் நான் திட்டவில்லை. தணிந்த குரலில்தான் கேட்டேன்.

"பிள்ளையா?"

"ஆமாண்ணே."

"என்னா பிள்ளை?"

"பொம்பளைப் பிள்ளை."

"எப்போ ஆச்சு?"

"நேத்து சாயங்காலம்ணே."

"இப்போ எங்க கொண்டு போறே?"

"ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு."

"இனி அங்க கொண்டு போயி என்னா ஆவப்போவுது தம்பி? ஊரோட வச்சி அடக்கம் பண்ணிரு. பஸ்ஸுல ஏத்த முடியாதுலா."

நான் சொன்னது மண்டையில் ஏற அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஐயோ அண்ணே, உசுரோட இருக்கு. நேத்துதான் பொறந்துச்சு. ஏழு மாசத்துப் பிள்ளை."

நான் நம்பவில்லை. நம்பாததற்கு எனக்குக் காரணம் இருந்தது. பஸ்ஸில் பிணம் ஏற்றினான் என்று ஒரு கண்டக்டருக்கு அந்த வருஷம்தான் வேலை போயிருந்தது. பிள்ளை தூங்குது என்று சொல்லித்தான் அந்த ஆளும் ஏறினானாம். இவன் மூட்டையில் ஓர் அசைவு இல்லை, ஒரு சிணுங்கல் இல்லை. பஸ்ஸுக்குள் சனங்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கோடித் துணிலா, பார்த்தா தெரியலையா, என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

"பிரிச்சுக் காட்டு," என்றேன்.

"பிரிக்கக் கூடாதுண்ணே. காத்து பட்டா போயிரும்னு சொல்லி அனுப்பினாங்க."

"உசுரோட இருக்கிற பிள்ளையக் காட்ட உனக்கு என்னா கஷ்டம்? காட்டுடா."

"தயவு பண்ணுங்கண்ணே. நான் பிரிக்கமாட்டேன்."

அவன் இரண்டு கையாலும் மூட்டையை மறைத்துக்கொண்டான். செத்த பிள்ளையை அப்படித்தான் மறைப்பார்கள், எனக்குத் தெரியாதா? என் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அவன் மேல் கோபமா, மூன்று வருஷமாக எனக்குள் கிடந்த கோபமா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அவனைத் தோளைப் பிடித்து இறக்கிவிட்டு, மணியை இரண்டு தட்டுத் தட்டினேன்.

பஸ் நகர்ந்தது. அவன் ஒரு கையால் மூட்டையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூடவே ஓடிவந்தான். அண்ணே, அண்ணே என்று கத்தியிருந்தாலாவது பரவாயில்லை. வாயே திறக்காமல் ஓடினான்.

அப்போதுதான் பின் சீட்டில் இருந்த சீனத்துக் கிழவி எழுந்து பஸ் தகட்டைப் படபடவென்று அடித்தாள். தினம் ஈப்போ சந்தைக்குக் கீரை கொண்டு போகிறவள். ஆ சாம் என்று கூப்பிடுவோம். கீரைக்கட்டு வழியில் கிடக்கிறது என்று வாரத்துக்கு நாலு தடவையாவது என்னிடம் ஏச்சு வாங்குவாள். சன்னாசி அண்ணே பஸ்ஸை நிறுத்தினார். ஆ சாம் என்னை முழங்கையால் தள்ளிவிட்டு மழையில் இறங்கினாள். துணியைப் பிரிக்கவில்லை. அடியில் இரண்டு விரலை மட்டும் நுழைத்துத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஹிடுப்லா," என்றாள். உயிர் இருக்கிறது. "காலு சூடா இருக்கு. உனக்குக் கண்ணு இருக்கா, இல்லையா?"

அவளுக்கு எங்கள் தமிழும் கொஞ்சம் வரும். என் வாயிலிருந்து கற்றதுதான் பாதி இருக்கும்.

அவனை ஏற்றி முன் சீட்டில் உட்காரவைத்தோம். பேர் சீனி. பால்வெட்டுக்காரன். மூச்சு வாங்க வாங்கச் சொன்னான். பெண்சாதி மங்களத்துக்கு முந்தின நாள் திடீரென்று வலி வந்திருக்கிறது. மரப்பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டதால் தோட்டத்து லாரி அக்கரையில் மாட்டிக்கொண்டது. மலாய்க்காரர்கள் ஊரான பக்கத்துக் கம்பத்தில் பிரசவம் பார்க்கும் மக் சூதான் வந்து பிள்ளையை எடுத்திருக்கிறாள். பிள்ளை மூன்று ராத்தல் கூட இருக்காது. மங்களத்துக்கு உதிரப்போக்கு நிற்காததால் மக் சூ அங்கேயே இருந்துவிட்டாள்.

"நான் துண்டுல சுத்தி, கூடையில வச்சி எடுத்துட்டுப் போலாம்னுதான் பாத்தேன்," என்றான் சீனி. "கூடையில வச்சா வழியிலேயே குளுந்து போயிரும்னு மக் சூ விடல. அது தோலு உன் தோலு மேல படணும், உன் சூடுதான் அதுக்குச் சூடு, ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் பிரிக்காதேன்னாங்க. சுத்தமான துணி கேட்டாங்க. வீட்டுல எல்லாம் ஈரம். தீபாவளிக்கு எடுத்த வேட்டிதான் பெட்டியில கட்டாமக் கெடந்துச்சு."

மஞ்சள் ஏன் என்று நான் கேட்கவில்லை. தீபாவளித் துணிக்கு மஞ்சள் தடவாத வீடு எது? என் வீட்டிலும்தான் தடவினார்கள். அதைப் பார்த்ததும் சுடுகாடு ஞாபகம் வந்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு மைல் போயிருப்போம். சீனிக்கு நடுக்கம் கண்டது. நடுராத்திரியிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஏழு மைல் நடந்த உடம்பு. முதலில் பல் கிட்டியது, பிறகு தோள் குலுங்கியது. உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆ சாம் மறுபடி விரலை நுழைத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"செஜோ," என்றாள். குளிர்கிறது. "இவன் உடம்புல சூடு இல்ல. வேற ஆள் வேணும், சீக்கிரம்."

பஸ்ஸில் பொம்பளைகள் எட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் நனைந்து ஏறியவர்கள். அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் யார் ரவிக்கையை அவிழ்ப்பாள்? ஆம்பளைகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஆ சாம் யாரையும் கெஞ்சவில்லை. என் காக்கிச் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"புக்கா பாஜு. நீ காய்ஞ்சு இருக்கே. சட்டைய அவுத்துப் போடு."

அவசரத்தில் பொத்தான் கழலவில்லை. அவளே பிய்த்து எடுத்தாள். பனியனையும் கழற்றச் சொன்னாள். சீனியின் முடிச்சை அவள் அவிழ்த்தபோதுதான் பிள்ளையைப் பார்த்தேன். சுருண்டு கிடந்ததில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான் நீளம். தோல் சிவந்து சுருங்கிக் கிடந்தது. கண் மூடியிருந்தது. என் நெஞ்சில் வைத்ததும் சில்லென்று பட்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது. என் மகள் போன அன்றைக்குத் தொட்ட சில்லிப்பு அது. ஆ சாம் இறுக்கிக் கட்டி, என் சட்டையைச் சீனிக்குப் போர்த்திவிட்டாள்.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு, பிள்ளையின் மூச்சு தெரிகிறதா என்று கவனித்தேன். தெரியவில்லை.

"இல்ல ஆ சாம், போயிருச்சு," என்றேன்.

"நீ மூச்சு விடு, மடையா. நீ விட்டாத்தான் அது விடும்."

விட்டேன். என் நெஞ்சு ஏறி இறங்கியது. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, கீழே ஒரு சின்ன இழுப்பு. பிறகு இன்னொன்று. என் மூச்சைப் பிடித்துக்கொண்டு அது வருவது எனக்குத் தெரிந்தது. கொஞ்ச தூரம் சரியாக வரும். பிறகு மறந்துபோனது போல நிற்கும். நான் ஆழமாக இழுத்து விட்டால் மறுபடி வரும்.

செம்மோர் தாண்டியதும் ரோட்டில் தண்ணீர். ஒரு மரலாரி குறுக்கே சிக்கிக்கொண்டு நின்றது. அதன் டிரைவர் கதவைத் திறந்து வைத்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வழக்கமாக என்றால் அவன் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பேன். வாயைத் திறந்து, "டேய்" என்று ஒரு சத்தம்தான் போட்டேன். உள்ளே பிள்ளை தூக்கிப்போட்டது. கை கால் விறைத்தது. மூச்சு நின்றது.

எத்தனை நேரம் நின்றது என்று தெரியாது. ஆ சாம் துணிக்கு மேலேயே முதுகைத் தேய்த்தாள். அடியில் கையை விட்டு உள்ளங்காலைச் சுண்டினாள். சீனி பக்கத்து சீட்டிலிருந்து என் தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். நான் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டேன். வேறு எதையும் நினைக்காமல், இழுத்தேன், விட்டேன். பிள்ளை இழுத்தது.

அதற்குப் பிறகு நான் பேசவே இல்லை. சனங்கள்தான் இறங்கினார்கள். சிகரெட் பிடித்தவனையும் சேர்த்துக்கொண்டு, முட்டளவு தண்ணீரில் நின்று லாரியைத் தள்ளினார்கள். அதற்கப்புறம் ஈப்போ வரைக்கும் ஒருவரும் மணி அடிக்கவில்லை. ஜெலாப்பாங்கில் இறங்க வேண்டியவர்கள் ஆறு பேர். அவர்களும் உட்கார்ந்தே இருந்தார்கள். சன்னாசி அண்ணே பஸ் ஸ்டேஷனுக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார்.

பிள்ளைகள் வார்டில் நர்ஸாக இருந்த ஒரு தமிழ் மிஸ்ஸி ஓடிவந்தாள். துணிக்குள் கையை விட்டுத் தொட்டாள், கடிகாரத்தைப் பார்த்தாள், காதை வைத்துக் கேட்டாள். நான் முடிச்சை அவிழ்க்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"அவுக்காதீங்க. கண்ணாடிப் பெட்டி சூடாவ இன்னும் அரை மணி ஆவும். அதுவரைக்கும் நீங்கதான் பெட்டி. நீங்கதானே அப்பா?"

நான் சீனியைக் காட்டினேன். அவன் என் சட்டையோடு தரையில் உட்கார்ந்திருந்தான். ஒருத்தி அவனுக்குச் சுடச்சுட மைலோ கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நீங்க யாரு?"

பஸ்ஸிலிருந்து இவர்களை இறக்கிவிட்டவன் என்று சொல்ல வாய் வரவில்லை. கண்டக்டர் என்றேன்.

சுவரோரத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். பிள்ளை இப்போது என் சூட்டுக்கு வந்திருந்தது. விரல் ஒன்று என் நெஞ்சு முடியைப் பிடித்திருந்தது. இந்த அரை மணி எப்படியாவது போகட்டும் என்று நான் கேட்காத சாமி இல்லை. அப்போது வயிற்றில் ஏதோ வெதுவெதுப்பாக இறங்கியது. ஈரம். வேட்டியில் மெதுவாகப் பரவியது. ரத்தம் என்றுதான் நினைத்தேன். சத்தம் போட்டால் அதற்கு மூச்சு நின்றுவிடும். கையை மட்டும் ஆட்டி மிஸ்ஸியைக் கூப்பிட்டேன்.

அவள் குனிந்து பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"ஒண்ணுக்குப் போயிருக்குலா. இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். பாதிப் பயம் போச்சி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்துப் பேர் பார்க்க, சட்டையில்லாமல், இடுப்பில் டிக்கெட் பையோடு அழுதேன். அதிலும் குலுங்காமல் அழ வேண்டியிருந்தது.

சன்னாசி அண்ணே கதவோரம் வந்து தலையை நீட்டினார். "அப்பாவு, பஸ்ஸ எடுக்கணும்லா. சனம் நிக்குது."

"நீங்க போங்கண்ணே," என்றேன். "இது கண்ணாடிப் பெட்டிக்குப் போவட்டும். அப்புறம் வாரேன்."

மெதுவாகத்தான் சொன்னேன்.