முன்சக்கரம் தூக்காத சைக்கிள்

மகள் அவரோடு பேசி இரண்டு மாதம் ஆகிறது. அவர் செய்த காரியம் அப்படி. கல்லூரி வாசலில் அவள் சைக்கிளின் முன்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு, பின்சக்கரத்திலேயே வீலி அடித்துத் தெருவைக் கடந்ததைப் பார்த்துவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். எல்லாச் சக்கரமும் தரையில் இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

ஆனால் அவள் பேசாத வீட்டில் அவருக்குச் சோறே இறங்கவில்லை. பொறுக்கமாட்டாமல், "வா, வேற வாங்கித் தரேன். வீலி அடிக்கறதே வாங்கலாம்," என்றார்.

"சரி," என்றாள். அவ்வளவுதான்.

வாய்தான் அப்படிச் சொன்னதே தவிர, மனுஷர் உள்ளுக்குள் வேறு கணக்குப் போட்டிருந்தார். கடையில் மகள் வண்டிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்காரரை ஓரம் கட்டினார்.

"பார்க்க வீலி சைக்கிள் மாதிரியே இருக்கணும். ஆனா முன்சக்கரம் மேல வரக்கூடாது."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சத்தம் போடாத மணி கேக்கறீங்க சார்."

"இருக்கறதுலயே கனமா ஒண்ணு காட்டுங்க, போதும்."

"விஷயம் கனத்துல இல்ல சார். பெடலுக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி குறைஞ்சு பின்பக்கம் குட்டையா இருந்தா, அழுத்தி மிதிச்சாலே முன்சக்கரம் எழும்பிடும். இந்தக் கனமான வண்டிக்கும் பின்பக்கம் குட்டைதான்."

வண்டிகளைப் பற்றித் தனக்கே பாடமா என்று அவருக்குச் சுருக்கென்றது. அது எழும்பாது என்று காட்ட, கனமான அந்த வண்டியைத் தாமே உருட்டிக்கொண்டு கடையின் பின்முற்றத்துக்குப் போய், ஏறி ஓட்ட ஆரம்பித்தார். மகள் சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

அவருடைய வலதுகாலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கற்றுக்கொள்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தம் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்தே தேய்ந்த கால் அது. குறுக்கே எது வந்தாலும் அவரைக் கேட்காமல் மிதித்துவிடும். டிவியில் லாரி வந்தால்கூட சோபாவுக்கு முன்னால் தரையை ஓங்கி மிதிக்கும்.

முற்றத்தில் மெக்கானிக் ஒரு டயரோடு குறுக்கே வந்தார். கால் மிதித்தது. காராக இருந்தால் நின்றிருக்கும். இது சைக்கிள், மிதித்தது பெடலை. பயத்தில் கைப்பிடியையும் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். முன்சக்கரம் ஜம்மென்று வானம் பார்த்தது. மெக்கானிக் டயரைப் போட்டுவிட்டு ஓடினார். இவர் கைக்குக் கிடைத்த பிரேக்கை நெரித்தார். அது முன் பிரேக். காற்றில் சுற்றிய சக்கரம் நின்றதே ஒழிய வேறு பலன் இல்லை.

"அப்பா, பின் பிரேக்," என்று மகள் ஓடிவந்தாள். "பின் பிரேக்கைப் பிடிங்கப்பா."

பிடித்தார். முன்சக்கரம் தொப்பென்று இறங்கியது. மகளுக்கு வாய் ஓயவில்லை.

"முன் பிரேக்கை யாராவது பிடிப்பாங்களா? ஒரு விரல் எப்பவும் பின் பிரேக்குல இருக்கணும். பின்னாடி சாயறோம்னு தோணின உடனே லேசா அழுத்தினா போதும், சக்கரம் தானா கீழ வந்துடும். கண்ணு தூரத்துல இருக்கணும், நீங்க தரையப் பாத்தீங்க. நான் என்னிக்காவது விழுந்து பாத்திருக்கீங்களா? புரியுதா?"

அவருக்கு எல்லாமே புரிந்துவிட்டது. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபோது கண் கலங்கியது. சீட்டிலிருந்து இறங்காமல், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் புரியலையேம்மா," என்றார். "முதல்லேர்ந்து சொல்லு."