கணபதி சொன்ன ஏழு வரி

காஜா பெராங் சடக்கில் மருதமுத்து எழுதாத கடிதம் ஒன்று போனால் அது அரசாங்கக் கடிதமாகத்தான் இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவரே மருதமுத்துதான். அந்தத் தெருவில் பூட்டிக் கிடந்த சைக்கிள் கடையின் முன்னால், ஐந்தடி நடைபாதையில் அவருடைய சாய்வு மேசை இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எதிரே குந்தி உட்கார்ந்து வாயால் சொல்வார்கள். அவர் முதலில் பென்சிலால் ஒரு நகல் எழுதுவார், பிறகு மையால் நல்ல தாளில் எழுதித் தருவார். பதில் வந்தால் படித்துக் காட்டுவதும் அவர்தான். பென்சில் நகல்களைத் தேதி போட்டு பிஸ்கட் டின்னில் அடுக்கிவைப்பது அவர் பழக்கம். இருபது வருடத்து வாய்கள் அந்த டின்னில் இருந்தன.

ஜப்பான்காரன் வந்து இரண்டு வருடத்தில் ஊரில் தாள் என்பதே இல்லாமல் போயிற்று. அப்போதுதான் ருக்மணி வந்து நின்றாள்.

"மாமா, உங்க பழைய தாளு இருந்தா குடுங்களேன். பின்பக்கம் போதும்."

ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்ற கலியாணசுந்தரத்தின் மகள் அவள். சென்னையில் பௌதிகம் படித்து, ஒரு வருடம் ஆராய்ச்சியும் செய்து, விடுமுறைக்குக் கடல் தாண்டி வீட்டுக்கு வந்த இடத்தில் சண்டை மூண்டது. கப்பல் நின்றது. அவளும் நின்றுவிட்டாள்.

"தாளு எதுக்கும்மா?"

"ஆராய்ச்சிக்கு."

மருதமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. மரவள்ளிக்கிழங்குக்கே வரிசையில் நிற்கிற காலத்தில் ஆராய்ச்சியாம். ஆனாலும் ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார். மறுவாரம் இன்னொரு கட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில், அங்கே என்னதான் நடக்கிறது என்று பார்க்கவும் போனார்.

மலேரியாக் கிருமி பார்க்க அவள் அப்பா வைத்திருந்த பித்தளை மைக்ராஸ்கோப் ஜன்னலோரம் இருந்தது. ருக்மணி ஒரு துண்டுக் காக்காப்பொன்னை, அதாவது மைக்காவை, எடுத்து, ஓரத்தில் ஊசியைச் செருகி, வெங்காயத்தோல் போல ஒரு தகடு உரித்தாள். புதிதாகத் திறந்த அந்தப் பரப்பின் மேல், ஆஸ்பத்திரி அயோடைடு உப்பைக் கரைத்த தண்ணீர் ஒரு பொட்டு வைத்தாள். அது காய்ந்ததும், "பாருங்க மாமா" என்று நகர்ந்துகொண்டாள்.

மருதமுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். உள்ளே சின்னச் சின்ன முக்கோணங்கள். ஒன்றல்ல, நூறு. ஏறக்குறைய எல்லாமே ஒரே பக்கம் முகம் திருப்பி, பூசைக்கு நிற்கிற கூட்டம் போல நின்றன.

"யாரும்மா அடுக்குனது?"

"யாரும் அடுக்கல. அடியில இருக்கிற காக்காப்பொன்னுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. மேல வந்து படியிற உப்பு அந்த ஒழுங்குப்படிதான் உக்காரும். அதே சொட்டைக் கண்ணாடியில வெச்சா இப்படி வராது."

கண்ணாடியில் வைத்ததையும் காட்டினாள். சந்தை கலைந்த திடலில் கிடக்கும் கச்சான் கடலைத் தோல் மாதிரி, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கிடந்தது.

"ஆனா ஒண்ணு, மாமா. படலம் மெல்லிசா இருக்கிற வரைக்கும்தான் இது. உப்பு கனமாப் படிஞ்சா மேல வர்றதுக்கு அடியில இருக்கிறது ஞாபகம் இருக்காது. குப்பையாயிரும்."

அன்றிலிருந்து அவர் தாள் கொடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு தடவை மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் திரும்பியதில்லை. ஒரு நாள் ருக்மணி தாளைத் திருப்பி, அவர் எழுதிய பக்கத்தைக் காட்டினாள்.

"இதுல பேரு இல்ல. ஆனா இதுவும் போன வாரம் குடுத்ததுல ஒண்ணும் ஒரே ஆள் சொன்னது. சரியா?"

மருதமுத்து பார்த்தார். இரண்டும் கணபதி தன் தாய்க்குச் சொல்லி எழுதியவை.

"எழுதுனது நான்தானம்மா? எல்லாம் என் நடை."

"மேல உங்க நடை, மாமா. அடியில வேற ஆள் இருக்காரு. ரெண்டு சின்ன வாக்கியம், அப்புறம் நீளமா ஒண்ணு. எண்ணிப் பாருங்க. நாலு சொல்லு, மூணு சொல்லு, பதினெட்டு. மறுபடியும் மூணு, மூணு, இருபது."

அவர் எண்ணினார். *போன வாரம் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளை ஆடு செத்தது.* பிறகு மூச்சு விடாமல் ஒரு முழ நீளம். கணபதி அப்படித்தான் பேசுவான். இருபது வருடம் காதால் கேட்ட மனிதர் அதைக் கவனித்ததில்லை.

அந்தக் கணபதியை சயாம் ரயில் சடக்கு போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய் முக்கால் வருடம் ஆகியிருந்தது. அவன் மனைவி அஞ்சலை, கிளேபாங் கரையில் கடல்தண்ணீர் காய்ச்சி உப்பெடுத்து, அதைக் கொடுத்து அரிசி வாங்கிப் பிழைத்துக்கொண்டிருந்தாள். மார்கழியில் நடராஜன் என்பவன் எலும்பும் தோலுமாக சயாமிலிருந்து திரும்பி வந்தான். விநாயகர் சதுர்த்தி அன்று கணபதியைக் காலராக் கூடாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். "அதுக்குள்ள போனவன் யாரும் வெளிய வரல" என்றான். தன் பெயர்க்காரன் நாளிலேயே போய்ச் சேர்ந்தான் என்று ஊர் சொல்லிக்கொண்டது. அஞ்சலை மட்டும் தாலியைக் கழற்ற மாட்டேன் என்றாள்.

தை பிறந்து சில நாளில் கணபதி பெயரில் ஒரு கடிதம் வந்தது. பல கை மாறி வந்தது. அங்கே அவனுக்காக முன்பு எழுதித் தந்தவரின் கையெழுத்து இல்லை, தேதியும் இல்லை. மருதமுத்துதான் படித்துக் காட்டினார். நலம், கடிதம் கிடைத்தது, கவலை வேண்டாம் என்று எல்லாக் கடிதத்திலும் இருப்பதே இதிலும் இருந்தது.

கணபதியின் தம்பி சேதுபதி ஜாசின் தோட்டத்திலிருந்து வந்திருந்தான். கெட்டவன் அல்ல. அண்ணியைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய்க் கஞ்சி ஊற்ற வேண்டும் என்பதுதான் அவன் கவலை.

"அண்ணி, இது ஆள் பிடிக்கிற ஆபீஸ்ல எவனோ கிராணி எழுதுறது. ஊரு கத்தக் கூடாதுன்னு எழுதி உடுறான். அண்ணன் ஆத்மாவை எத்தனை நாளைக்கு அலைய உடுறது? வெள்ளிக்கிழமை காரியம் பண்ணிட்டு எங்கூட வந்துருங்க."

அஞ்சலை அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக ருக்மணியிடம் போனாள். தாளைப் பார்த்தே ஆளைச் சொல்கிற பெண் என்று மருதமுத்து ஊரெல்லாம் பெருமையடித்து வைத்திருந்தாரே.

"இது அவரு பேச்சான்னு மட்டும் சொல்லும்மா. இல்லேன்னா கழட்டிடறேன்."

ருக்மணி மருதமுத்துவிடம் முப்பது நகல் கேட்டாள். ஆறு பேர் சொன்னவை, பெயரைக் கிழித்துவிட்டுத் தரவேண்டும். முதலில் தன்னைச் சோதிக்கவேண்டும், பிறகுதான் கடிதத்தை என்றாள். மூன்று நாள் எண்ணினாள். இருபத்தாறு சரியாக வந்தது, நாலு தப்பு.

"முப்பதுக்கு இருபத்தாறா!" மருதமுத்து கைதட்டாத குறை. "அந்த நாலை உடும்மா."

"அதுதான் மாமா முக்கியம். இந்த நாலைப் பாருங்க."

அவர் பார்த்தார். காது சூடானது. நாலும் அவர் வாழ்நாளில் எழுதிய மிகச் சிறந்த கடிதங்கள். மழைநாளில், வேறு வேலை இல்லாதபோது, உவமை உவமையாகப் போட்டு இழைத்தவை.

"இதுல நீங்க மட்டும்தான் இருக்கீங்க" என்றாள் ருக்மணி. குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. வெப்பமானியைப் படிக்கிற குரல். "படலம் கனமாயிருச்சு."

வேறு யார் சொல்லியிருந்தாலும் மருதமுத்து ஒரு மாதம் பேசியிருக்க மாட்டார். இவளிடம் கோபம் வரவில்லை. தன்னுடைய தப்பையே முதலில் விரித்து வைக்கிறவளிடம் எப்படிக் கோபப்படுவது?

வியாழக்கிழமை காலை அஞ்சலையும் சேதுபதியும் ருக்மணி வீட்டுக்கு வந்தார்கள். மருதமுத்துவும் போனார். காரியத்துக்கு வேண்டிய சாமான் பை சேதுபதி கையிலேயே இருந்தது.

"முதல் பாதி அங்க எழுதிக் குடுத்தவரோட நடை" என்றாள் ருக்மணி. "அதுல ஒண்ணும் தெரியல. கீழே தாள் தீரப்போகுது, அவசரம் வந்திருச்சு. அங்க அவர் நகாசு பண்ணல. காதுல விழுந்தத அப்படியே போட்டிருக்காரு. கடைசி ஏழு வரி. மூணு சொல்லு, ரெண்டு சொல்லு, அப்புறம் இருபதுக்கு மேல. மறுபடியும் அப்படியே. இது கணபதி அண்ணன் சொன்னதுன்னு நெனைக்கிறேன். முப்பதுல நாலு தப்புப் பண்ணவ நான், அதையும் சேர்த்துக் கேட்டுக்குங்க."

அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி" என்றான் சேதுபதி மெதுவாக. "அண்ணன் சொன்னதுன்னே வெச்சுக்குவோம். எப்ப சொன்னாரு? சதுர்த்திக்கு முந்தியா, பிந்தியா?"

"தெரியாது."

"தெரியாதா?"

"யாரு சொன்னதுன்னு எண்ணிப் பார்க்கலாம். எப்ப சொன்னதுன்னு எண்ணிப் பார்க்க முடியாது. தெரியாததைச் சொல்லமாட்டேன்."

மருதமுத்து அவளைப் பார்த்தார். எதிரே ஒரு பெண் கழுத்துக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். 'பிந்தி' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவராக இருந்தால் ஒரு சொல் என்ன, நாலு வரி சொல்லியிருப்பார், உவமையோடு.  ருக்மணி சொல்லவில்லை.

"கடைசி வரிகள்ல ஒண்ணு மட்டும் புரியல" என்று ருக்மணி கடிதத்தை நீட்டினாள். "மாமா, நீங்க படிச்சீங்களே. இந்த விளக்கு சமாச்சாரம் என்ன?"

அஞ்சலை கண் திறந்தாள். "என்ன விளக்கு? அண்ணே, நீங்க அப்படி ஒண்ணும் படிக்கலியே."

படிக்கவில்லைதான். அன்று சுற்றி நாலு பேர் நின்றார்கள் என்று, தன்னைக் குத்திய அந்த வரிகளை அவர் தாண்டிப் போயிருந்தார். கணபதியின் கேலி என்று நினைத்துத் தாண்டியதோடு சரி, அதற்கு மேல் யோசிக்கவில்லை. இப்போது 'எப்ப' என்ற கேள்வி அந்த வரிகளின் மேல் வந்து உட்கார்ந்ததும் அவர் சட்டென்று எழுந்தார். "இருங்க" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சடக்கில் ஓடினார். பிஸ்கட் டின்னோடு மூச்சு வாங்கத் திரும்பிவந்தார்.

"அஞ்சலை, நான் படிக்காம உட்டத இப்பப் படிக்கிறேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "*விளக்கு என்று இருந்தது. நீ சொல்லவில்லை. மண்ணெண்ணெயே கிடைக்காத வீட்டில் திரி இல்லாத விளக்கு என்று பேச உனக்கு வாய் வராது, அது மருதமுத்து அண்ணன் கைச்சரக்கு, பூசணி காய்த்தது என்ற இடத்தில்தான் உன் குரல் எனக்குக் கேட்டது.*"

"நான் எப்பண்ணே திரின்னு சொன்னேன்?"

"சொல்லல. நீ பூசணி காய்ச்சது, தின்னோம்னு மட்டும்தான் சொன்ன. 'தாங்கள் இல்லாத வீடு திரியில்லாத விளக்கு' அப்படிங்கிறது நானாப் போட்டது." அவர் ஒரு நகலை உருவினார். "இதோ. பாரு சேதுபதி, தேதி போட்டிருக்கு. தீபாவளிக்கு மறுநாள். சயாமுக்குப் போன வேற ஒரு டிரெஸ்ஸர் கையில குடுத்து உட்டோம். வேற எந்தக் கடுதாசியிலயும் விளக்கு கிடையாது. தீபாவளிக்குப் பிறகு உயிரோட இருந்தவன்தான் இதுக்குப் பதில் சொல்லமுடியும்."

சேதுபதிக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தான். பிறகு பையைக் கீழே வைத்தான்.

"ஏண்ணே, ஊரு பூராவுக்கும் இப்படித்தான் போட்டு வெச்சிருக்கியா? எங்காத்தாவுக்கு நான் எழுதுன கடுதாசியில?"

"மூணு எடத்துல" என்றார் மருதமுத்து.

அஞ்சலை முதலில் சிரித்தாள். அப்புறம்தான் அழுதாள்.

"தீபாவளி வரைக்கும்தான் இது சொல்லுது" என்றாள் ருக்மணி. "அதுக்குப் பிறகு..."

"போதும்மா. அதுக்குப் பிறகை நானே பாத்துக்கிறேன்."

ருக்மணி அந்த ஏழு வரியை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டாள். "மூணு நாள் எண்ணுனேன் மாமா. இவருக்கு ஒரு எழுத்துத் தெரியாது. யாரோ படிச்சுக் காட்ட, காதால கேட்டே எது அக்கா பேச்சு, எது உங்க பேச்சுன்னு பிரிச்சிருக்காரு." பொறாமையே இல்லாத வியப்பு அவள் முகத்தில் இருந்தது. முக்கோணங்களைக் காட்டிய அன்றும் இதே முகம்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அஞ்சலை உப்பு மூட்டையை இறக்கிவைத்துவிட்டு சாய்வு மேசைக்கு எதிரே குந்தினாள். மருதமுத்து பென்சிலை எடுத்தார்.

"பூசணி முடிஞ்சுது. அடுத்த வெதை போட்டிருக்கேன். தம்பி வந்துட்டுப் போனாரு."

அவர் எழுதினார். கை பழக்கத்தில் 'வாடிய பயிர்' என்று ஆரம்பித்து நின்றது. அதை அடித்தார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

தாளில் முக்கால் பாகம் வெறுமையாக இருந்தது. மருதமுத்து ஒன்றும் சேர்க்காமல் மடித்தார்.