சத்தம் இல்லாமல் பார்த்த பேய்

எங்கள் வீட்டில் பேய்ப் படங்களைச் சத்தம் வைக்காமல்தான் பார்ப்போம். அக்காவின் கணவர், என் மாமா, பேக்கரியில் இரவு வேலை பார்க்கிறவர். மாலை முழுக்கத் தூங்கினால்தான் அவரால் விடிய விடிய மாவு பிசைய முடியும். அவர் தூங்கும் அறைக்கும் டிவி இருக்கும் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான் இருக்கிறது. ஹெட்போன் ஒன்று உண்டு, ஆனால் பார்க்கிறவர்கள் இரண்டு பேர். அதனால் ஒலியை அடியோடு நிறுத்திவிட்டு, கீழே ஓடும் எழுத்துகளைப் படித்தபடி அக்காவும் நானும் ஒட்டி உட்கார்ந்திருப்போம்.

அக்காவால் வாயை மூடிக்கொண்டு மட்டும் பார்க்க முடியாது.

“இவ்வளவு பெரிய பங்களா. ஒரு டியூப்லைட்டைப் போட்டா என்னடி கொறைஞ்சுடும்?” என்று காதோரம் கிசுகிசுப்பாள்.

“போட்டா படம் முடிஞ்சுடும்க்கா.”

“முடியட்டுமே. நான் போய்த் துணியாவது மடிப்பேன்.”

ஆனால் கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

இந்தப் படங்களெல்லாம் மாலை வகுப்புக்காக. நூலகத்தின் மாடியில், வேலை முடிந்து வருகிறவர்களுக்காக வாரம் ஒருமுறை நடக்கும் சினிமா வகுப்பு அது. இந்தப் பருவத்தில் பேய்ப் படங்களும் கல்ட் படங்களும் பாடம். கல்ட் படம் என்றால், வந்தபோது ஊற்றிக்கொண்டு, பிறகு எங்கிருந்தோ ஒரு பிடிவாதக் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்ட படம். வீட்டில் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் ஆளுக்கொரு கருத்துச் சொல்ல வேண்டும். தேர்வு கிடையாது.

தேர்வு இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கருத்துச் சொல்வதுதான் கஷ்டம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பேன். எனக்குத் தோன்றியதை இடப்பக்கம் பென்சிலால் எழுதுவேன். வகுப்பில் மற்றவர்கள் சொன்னதை வலப்பக்கம் பேனாவால். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் இடப்பக்கத்தை அழித்துவிடுவேன். இதைக் கவனித்து எனக்கு ‘ரப்பர்’ என்று பெயர் வைத்தவர் வகுப்பில் இருந்த ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணன்.

அண்ணனுக்குக் கருத்துப் பஞ்சமே இல்லை. கொலைகாரப் பொம்மை படத்தைப் பற்றி, “அது முழங்கால் உசரம்கூட இல்ல சார். ஒரு கூடையைக் கவுத்து மேல உக்காந்தா கதை முடிஞ்சுது,” என்றார். சதுப்பு நிலத்து மிருகத்தைப் பற்றி, “முதுகுல ஜிப்பு பளிச்சுனு தெரியுது. அந்த ஜிப்புக்காகவே நாலு தடவை பாத்தேன்,” என்றார். வகுப்பு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அந்த மிருகம் தண்ணீருக்குள் போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தது; அது எனக்குப் பிடித்திருந்தது. யாருமே அதைச் சொல்லவில்லை. அழித்துவிட்டேன்.

ஒரு நாள் வகுப்புக்குப் பக்கத்துத் தெருவின் சின்னத் தியேட்டரிலிருந்து மேனேஜர் அம்மா வந்தார். ஞாயிறு மதியக் காட்சிக்கு இப்படிப்பட்ட படங்களைப் போடப்போவதாகச் சொன்னார். படங்களைத் தேர்ந்தெடுக்கவும், படத்துக்கு முன்னால் சில நிமிடம் பேசவும் ஒரு ஆள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் அடுத்த வாரம் சலவைக்கடைப் பேய் படத்தைப் பற்றிப் பேசட்டும், நானே வந்து கேட்கிறேன் என்றார். அண்ணன் கையைத் தூக்கினார். என் கையும் மேலே போயிருந்தது. அதை நானே கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தேன்.

பகலில் நான் டைல்ஸ் கடையில் பில் போடுகிறேன். குறை சொல்ல முடியாத வேலை. ஆனால் ஒரு டைலை நினைத்துக்கொண்டு நான் ஒருநாளும் தூக்கம் வராமல் புரண்டதில்லை. இந்தத் தியேட்டர் வேலை எனக்கு வேண்டும். எவ்வளவு வேண்டுமென்றால், அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறே இறங்கவில்லை.

அடுத்த வாரம் சீட்டுக் குலுக்கியதில் முதலில் பேச என் பெயர் வந்தது. வலப்பக்கத்தில் ஒரு வரிகூட இல்லாமல் எழுந்து நின்றேன்.

படம் இதுதான்: ஊரடங்கிய நேரத்தில் ஒரு சலவைக்கடை. காயப்போட்ட ஈரப் போர்வைகளுக்கு நடுவே ஒரு பெண் அங்கங்கே தென்படுவாள். கடைசியில் நேருக்கு நேர் வந்து வாயைத் திறப்பாள். கடைக்காரன் தலைதெறிக்க ஓடுவான்.

“எனக்கு அந்தப் பேயைப் பாத்துப் பயமே வரல,” என்று ஆரம்பித்தேன். “கடைசியில வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிறா இல்லையா? பஸ் கெளம்பிடுச்சேன்னு பின்னாடியே ஓடி வர்றவங்க முகம் அது. யாரையோ கூப்பிடுறா, அவ்வளவுதான். இவ்வளவு அமைதியான பேயை நான் பாத்ததே இல்ல.”

அண்ணன் மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

“அமைதியா! ஏம்மா ரப்பர், அந்தக் கத்தல்ல எங்க வீட்டு நாய் கட்டிலுக்கடியில போச்சு. பிஸ்கட்டைக் காட்டினாக்கூட வெளிய வரல!”

“அந்தப் படத்துக்குக் கூட்டம் வர்றதே அந்தக் கத்தலுக்குத்தானே,” என்றார் பின்வரிசையில் இருந்த தையல்காரம்மா. “தியேட்டர்ல எல்லாரும் சேந்து கத்துவாங்களாம்.”

வேறு வழியில்லாமல் மாமாவின் தூக்கத்தையும் பலகைத் தடுப்பையும் சொன்னேன். சிரிப்பு இன்னும் கூடியது. என் மானம் கப்பலேறிவிட்டது. “மன்னிச்சுக்குங்க, தப்பா...” என்று உட்காரப் போனேன்.

“நில்லும்மா,” என்றார் மேனேஜர் அம்மா. அவர் சிரிக்கவில்லை. “சொன்னதை வாபஸ் வாங்குறியா?”

வாங்கத்தான் நினைத்தேன். ஆனால் அந்த முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. நானும் அக்காவும் அந்த இடத்தைப் பின்னுக்கு ஓட்டி ஓட்டிப் பார்த்திருந்தோம். அக்கா முதல்முறையாகக் கிசுகிசுக்காமல் இருந்த இடம் அது.

“இல்ல மேடம். கத்துறான்னு எனக்குத் தெரியாது, அது என் தப்பு. ஆனா நான் பாத்ததும் அந்தப் படத்துல இருக்கு. அவ கண்ணுல கோவம் இல்ல. கை முன்னால நீண்டிருக்கு, உள்ளங்கை மேல பாத்தாப்புல. அடிக்க வர்றவங்க யாரும் கையை அப்படி நீட்ட மாட்டாங்க.”

“கையை நீட்டுறாளா?” என்றார் அண்ணன். “எங்க? நான் பாக்கலையே.”

“கடைசி ஷாட்டுல.”

“அங்கதான் நான் கண்ணை மூடிட்டேனே!”

தையல்காரம்மா மெல்ல, “நானுந்தான்,” என்றார். பக்கத்தில் இருந்தவர் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டதாகச் சொன்னார். கேட்கக் கேட்க ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கத்தலைக் கேட்ட யாரும் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கவில்லை.

வகுப்பு நடத்தும் சார் அந்தக் காட்சியைச் சுவரில் போட்டார். முதலில் சத்தத்தோடு. நான் துள்ளியதில் நாற்காலி சாய்ந்தது. கையும் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை. பிறகு சத்தமில்லாமல் போட்டார். இந்த முறை ஒருவரும் கண்ணை மூடவில்லை.

“நீட்டுறாதான்,” என்றார் தையல்காரம்மா. “பாவமா இருக்கு.”

“இருந்தாலும் பேய் பேய்தான்,” என்றார் அண்ணன். “நீட்டிட்டான்னு போய்க் கை குலுக்க முடியுமா?” ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை. தன் முறை வந்தபோது அவர் நன்றாகவே பேசினார். எல்லோரும் சிரித்தோம், நானும்தான்.

மேனேஜர் அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “முதல் ஞாயிறு உன்னோடது,” என்றார் என்னிடம். “இதே படம். ஜனங்க பாதியில எழுந்து போனாங்கன்னா அடுத்த வாரம் அவரைக் கூப்பிடுவேன். வருத்தப்படக் கூடாது.”

“மொத வரிசையில உக்காந்து, மொத ஆளா எழுந்து போறேன் பாரு,” என்றார் அண்ணன்.

ஞாயிறு வந்தது. தியேட்டரில் பாதிக்கு மேல் காலி இருக்கைகள். பேசுவதற்கு எழுதி வைத்திருந்த தாளைப் படிக்காமல் மடித்துவிட்டேன். “கடைசியில ஒரு சத்தம் வரும். கத்தணும்னா நல்லாக் கத்துங்க. ஆனா கண்ணை மட்டும் மூடாதீங்க,” என்று சொன்னேன். அவ்வளவுதான் வந்தது.

பின்சுவரில் சாய்ந்து நின்று, படத்தைப் பார்க்காமல் தலைகளையே பார்த்தேன். இடைவேளைக்கு முன்பே இரண்டு பேர் எழுந்து போனார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களில் ஒருவர் திரும்பி வந்தார், கையில் பாப்கார்னோடு. இன்னொருவர் வரவேயில்லை. அண்ணன் முதல் வரிசையில் இருந்தார், அசையவில்லை.

கடைசிக் காட்சியில் அரங்கமே சேர்ந்து கத்தியது. அக்காவின் குரல் அதில் தனியாகக் கேட்டது. கத்தல் ஓய்ந்த பிறகும் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. இருட்டில் யாரோ, “ஐயோ, கூப்பிடுறாப்பா,” என்றார்கள்.

வெளியே வரும்போது இரண்டு பேர் அவள் கூப்பிட்டாளா மிரட்டினாளா என்று சண்டை போட்டுக்கொண்டே படியிறங்கினார்கள். மேனேஜர் அம்மா சாவிக்கொத்தோடு வாசலில் நின்றிருந்தார்.

“அடுத்த வாரம் என்ன படம்?” என்று கேட்டார்.

சொன்னேன்.

“அதுவா? அது சுத்த அறுவைன்னு எல்லாரும் சொல்றாங்களே.”

“சொல்றாங்க மேடம்,” என்றேன்.