இருபத்தொரு விநாடி தாமதம்

ஆரல்வாய்மொழியில் மழை நேராக விழுவதில்லை. கணவாய்க் காற்று அதைப் பிடித்துச் சாய்த்துவிடும். மேற்கே கிளம்பிய துளி கிழக்கே போய்த்தான் தரை தொடும்.

விடிந்தும் விடியாத வெளிச்சம். கல்லூரி மொட்டை மாடி. சாய்ந்த மழையில் தொப்பலாக நனைந்து நிற்கிறாள் தெபோராள், இயற்பியல் டீச்சர். பக்கத்தில், கை ஆன்டெனாவை வானத்துக்கு நீட்டியபடி, லேப் உதவியாளர் சுயம்பு.

மேலே, கண்ணுக்கு எட்டாத உயரத்தில், சிட்டு. அவளுடைய மாணவிகள் மூன்று வருஷம் பாடுபட்டுச் செய்த செயற்கைக்கோள். செருப்புப் பெட்டி அளவுதான். ராக்கெட் அதைத் தாழ்வான பாதையில் விட்டுவிட்டது. இன்னும் ஆறு நாள். அப்புறம் காற்றில் உரசி எரிந்துவிடும்.

விழுகிறதே, விழுகிறதே என்று ஊரே அழுதது. தெபோராளுக்குக் கோபம்தான் வந்தது. அது எப்போதுதான் விழாமல் இருந்தது?

ஒரு விநாடியில் ஏறக்குறைய ஐந்து மீட்டர் விழுகிறது. அதே விநாடியில் பக்கவாட்டில் எட்டு கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. அந்தத் தூரத்துக்குள் உருண்டைப் பூமியும் ஐந்து மீட்டர் வளைந்து இறங்கிவிடுகிறது. விழுகிறது, தரை விலகுகிறது. விழுகிறது, தரை விலகுகிறது. ஓட்டம் குறையாதவரை விழுந்துகொண்டே இருக்கலாம்.

கல்லூரித் தாளாளருக்கு இது மண்டையில் ஏறவில்லை. விழுகிற பொருளை மேலே தூக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு. போன வாரம் அவர் பிடிவாதத்தில் மேல்நோக்கித் தள்ளினார்கள். சிட்டைத் தள்ளுவதற்கென்று அதில் அடைத்திருந்த வாயுவில் பாதி காலி. சிட்டு ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, அடுத்த சுற்றில் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

மிச்சம் ஒரே ஒரு தள்ளு. இன்றும் மேல்நோக்கித்தான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பியிருந்தார். அந்தக் காகிதத்தை நாலாக மடித்து, ரேடியோ வைத்திருந்த, ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் வைத்தாள்.

“எதுக்கு டீச்சர் வம்பு? அவரு சொன்னாருல்லா, மேலயே தள்ளிருங்க,” என்றார் சுயம்பு.

“அண்ணாச்சி, நீங்க ஆன்டெனாவ ஆட்டாம பிடிங்க.”

சிட்டு தன் பாதையின் உச்சியில் இருந்தது. ரேடியோவில் கட்டளை அனுப்பி, போகிற திசையிலேயே தள்ளினாள். பக்கவாட்டில். மறுபக்கத்துத் தாழ்வு உயர வேண்டும். உயர்ந்தால் சுற்று பெரிதாகும். பெரிய சுற்றுக்கு நேரம் அதிகம்.

பிந்தி வந்தால் பிழைத்தது. சொன்ன நேரத்துக்கே வந்தால் எல்லாம் போச்சு.

ஒன்றரை மணி நேரம். மழை சாய்ந்துகொண்டே இருந்தது. விஷயம் தெரிந்து தாளாளர் மாடிக்கே வந்துவிட்டார். காற்று முதலில் அவருடைய குடையைத் திருப்பிப் போட்டது.

ஏழு நாற்பத்திரண்டு. குறித்த நேரம். சுயம்பு ஆன்டெனாவை மேற்கே தாழ்த்திப் பிடித்தார். ரேடியோவில் வெறும் இரைச்சல்.

“எங்க டீச்சர் உங்க சிட்டு?” என்றார் தாளாளர்.

“வரும் ஐயா.”

“வரல்லன்னா நாளைக்கு உங்களுக்கு இங்க வேலை கிடையாது.”

“சரி ஐயா.”

அவளுக்குப் பயம்தான். பயந்துகொண்டே நின்றாள், நகரவில்லை. பத்து விநாடி. பதினைந்து. சுயம்பு உதட்டுக்குள் ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். இருபது.

கீச்.

ஒரு சின்னச் சத்தம். மறுபடி, கீச். இருபத்தொரு விநாடி தாமதமாக, சாவகாசமாக, மலைக்கு மேலே வந்துகொண்டிருந்தது சிட்டு.

தெபோராள் அழுதாள். முகம் முழுக்க மழை, யாருக்கும் தெரியவில்லை. பிறகு குனிந்து, மேசைக் காலடியிலிருந்த காகிதத்தை எடுத்து, பிரித்து, தாளாளரிடம் நீட்டினாள்.

அவர் வாங்குவதற்குள் காற்று அதைப் பறித்துக்கொண்டது. மழையோடு மழையாக, பக்கவாட்டில், கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஓடியது காகிதம். அது விழுவதை அவர்கள் யாரும் பார்க்கவில்லை.